மாலையைக் கழற்றிய மறுநாள்

கொங்கு நாட்டில், இனி இவன் தேறமாட்டான் என்று பெற்றவளும் கட்டியவளும் மனம் வெறுத்துப் போன குடிகாரர்களில் அநேகர், கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டோ, தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரைக் குழுவில் சேர்ந்துகொண்டோ, நாட்கணக்கில், சிலர் முழுதாக ஒரு மண்டல காலம், ஒரு சொட்டுக்கூட நாவில் படாமல் இருந்துவிடுவதை நாம் ஆண்டுதோறும் பார்த்துவருகிறோம். பார்த்தும், அந்தச் சங்கதி எப்படிக் கைகூடுகிறது என்று நின்று யோசித்தவர்கள் சிலரே. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, நெற்றி நிறையச் சந்தனமிட்டு, அந்தி சாய்ந்ததும் பஜனைக்குப் போய், வழியில் எதிர்ப்பட்டவரெல்லாம் "சாமி" என்று அழைக்க, குருசாமியின் கண்ணெதிரிலேயே நடமாடிய அந்த மனிதன், யாத்திரை முடிந்து மாலையைக் கழற்றிய மறுநாள் சாயங்காலமே பழைய கடை வாசலில் நிற்கிறான். "பக்தி அவ்வளவுதான்" என்று ஊர் சிரிக்கிறது. என் அபிப்பிராயம் வேறு. அவனுடைய பக்தியில் குறைவொன்றும் இல்லை, வைராக்கியத்திலும் பழுதில்லை. அவனைச் சூழ்ந்து நின்ற கூட்டம் கலைந்துவிட்டது. விரதத்துக்கு முன்கூட்டியே குறித்திருந்த முடிவு நாளும் வந்துவிட்டது. நேர்ந்தது இவ்வளவே.

ஆகவே, குடியை அடியோடு விட நினைப்பவனுக்கு வேண்டியது கலையாத ஒரு கூட்டமும் முடிவு நாள் குறிக்காத ஒரு விரதமும் என்று ஆகிறது. அப்படிப்பட்ட கூட்டம் எங்கே இருக்கிறது, நம் ஊருக்குப் பக்கத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி, பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வது என்பவற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

பெருநகரவாசிக்கு இது அவ்வளவு சிரமமான காரியம் அல்ல. ஆகையால் சிரமமான இடமாகவே ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், அமராவதி நகர் இருக்கிறது. 1957இல் கட்டி முடித்த அணை, 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி, சுற்றுலா வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் முதலைப் பண்ணை, அணைத் தண்ணீரை நம்பிய நெல்லும் கரும்பும் தென்னையும், மலைமேல் பழங்குடி மக்களின் குடியிருப்புகள்: ஊரின் விலாசம் இவ்வளவுதான். ஆனால் இந்தப் பிரதேசத்தின் ஜீவனம் இன்று நிலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. உடுமலையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளும், வடக்கே பல்லடமும் திருப்பூருமாக நீண்டுகிடக்கும் விசைத்தறிக் கூடங்களும் பனியன் கம்பெனிகளும் கிராமம் கிராமமாக வேன் அனுப்பி ஆட்களை அழைத்துக்கொள்கின்றன. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்திருக்கும் ஒன்றரை ஷிப்டு, பீஸ் ரேட்டுக்கு ஓடும் கை, சனிக்கிழமை இரவு கையில் விழும் வாரச் சம்பளம், மறுநாள் விடுமுறை என்ற இந்த ஏற்பாட்டைக் குடிக்காகவே யாரோ உட்கார்ந்து வகுத்தாற்போல் இருக்கிறது. ஞாயிறு முழுவதும் குடித்து, திங்கட்கிழமை வேலைக்கு வராத டெய்லருக்காக லைன் காலியாக நிற்பது திருப்பூரில் யாருக்கும் புதிய செய்தி அல்ல.

மறுபக்கம் சர்க்காரின் கடை. நம் மாநிலத்தில் மதுவின் சரித்திரமே ஒரு ஊசலாட்டம். 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, பிறகு மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மறுபடி தளர்ந்து, 1983இல் டாஸ்மாக் என்ற வாணிபக் கழகம் பிறந்து, 2003ஆம் ஆண்டின் இறுதியில் சில்லறைக் கடையும் அதன் ஏகபோகமாயிற்று. அமராவதியின் பெயரைத் தாங்கி மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரத்தில் எழுந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக்கூட, கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலை ஒன்று துணையாக அமைந்தது. நெடுஞ்சாலையோரக் கடைகளை அப்புறப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் பேரில், 2017 ஏப்ரலில் கடைகள் ஊருக்குள் இடம் தேடியபோது, இதே மாவட்டத்துச் சாமளாபுரத்தில் பெண்கள் திரண்டு சாலையில் அமர்ந்ததும், அவர்கள்மீது போலீஸ் கை ஓங்கியதும் நாடெங்கும் செய்தியாயின. அந்தப் பெண்களின் கோபம் நியாயமானதே. ஆனால் கடையை மூடு என்று கேட்பது ஒரு காரியம், வீட்டிலிருக்கும் குடிநோயாளியை நலமாக்குவது வேறொரு காரியம்; முன்னதற்குக் காத்திருந்து பின்னதை ஒத்திப்போட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

குடிநோய் என்று சொன்னேன். மருத்துவ உலகம் அதை வெறும் ஒழுக்கக்கேடாகக் கருதாமல் வியாதி என்று ஏற்றுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் வீடுகளில்தான் அந்த எண்ணம் இன்னும் நுழையவில்லை. எவ்வளவு நுழையவில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நிபுணர்கள் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒருவித சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்களுக்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம், கோயிலில் கயிறு, சொந்தக்காரர் பஞ்சாயத்து, அதற்கும் மேலே போனால் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரம்.

இந்தக் கடைசி வைத்தியத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. 1940களின் இறுதியில் டென்மார்க் தேசத்தில் குடிக்கு மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். நோயாளி விஷயத்தை அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. குழம்பில் கலக்கும் பொடியில் இன்னதுதான் இருக்கிறது என்று விற்கிறவன் சொல்வதில்லை. வாங்குகிற மனைவியும், பாவம், கேட்பதில்லை.

இன்னொரு ஆபத்து இதற்கு நேர் எதிரானது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர், வைராக்கியம் பிறந்து ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை கால் நடுங்கி, தூக்கம் கெட்டு, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து, சித்தம் கலங்கிப் போகலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் பிதற்றத் தொடங்கினால் அதைச் சாமி வந்தது என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்காகக் குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டவர் யாராயினும், நிறுத்துவதற்கு முன்பு வைத்தியரைப் பார்ப்பதே முறை. ஒரு வாரம் பத்து நாள் மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும், உணவும் கொடுத்தால் உடம்பு தெளிந்துவிடும். உடம்பு தெளிந்து வீட்டுக்கு வருகிறார். பழைய தெரு, பழைய கூட்டாளி, பழைய சனிக்கிழமை. ஆஸ்பத்திரியின் அதிகாரம் தெருமுனையோடு முடிந்துவிடுகிறது. கூட்டத்தின் அவசியம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

அப்படிப்பட்ட கூட்டங்களில் உலகெங்கும் வேரூன்றியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அதன் பிறப்பு சுவாரஸ்யமானது. 1935ஆம் வருஷம் மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், ஒரு வியாபார காரியமாக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்து, காரியம் தோற்று, கையில் காசு குறைந்து, மேஃப்ளவர் என்ற ஹோட்டலின் முகப்பில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் கலகலப்பு. மறுபக்கம் ஒரு டெலிபோனும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினாலொழிய அன்று தாம் தப்ப முடியாது என்று அவருக்குத் தோன்றியது. டெலிபோனை எடுத்தார். ஒரு பாதிரியார் மூலமாக ஒரு சீமாட்டியும், அந்தச் சீமாட்டி மூலமாக டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரும் கிடைத்தனர். கை நடுக்கத்தோடு வந்த டாக்டர், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று நிபந்தனை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். பேச்சு ஆறு மணி நேரத்துக்கு நீண்டது. ஏனென்றால் வந்தவர் புத்தி சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10ஐத்தான் அந்த ஸ்தாபனம் தன் பிறந்தநாளாகக் கொண்டிருக்கிறது.

குடிகாரர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கும் யோசனை அதற்கும் ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தியது. 1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் ஒரு மதுக்கடையிலேயே உட்கார்ந்து சபதம் செய்து வாஷிங்டோனியர் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பிறகு அரசியலிலும் மதுவிலக்குச் சர்ச்சையிலும் மேடைப் பிரதாபத்திலும் அகப்பட்டு, வந்த வேகத்திலேயே மறைந்துபோனது அந்தச் சங்கம். ஏ.ஏ. தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டதற்கு அந்த வீழ்ச்சியும் ஒரு பாடம். 1938இல் பில் வில்சனின் நண்பர்கள் பெருஞ்செல்வரான ராக்பெல்லரை அணுகியபோது, அவர் 5,000 டாலர் மட்டும் கொடுத்து, அதற்குமேல் பணம் கொடுத்தால் இந்த நல்ல காரியம் கெட்டுப்போகும் என்று நிறுத்திக்கொண்டார். இன்று அந்தச் சங்கம் வெளியார் நன்கொடையை வாங்குவதே இல்லை. சந்தாக் கட்டணம் கிடையாது, கூட்டத்தின் முடிவில் சுற்றிவரும் பையில் விரும்பினவர் போடும் பணத்தில் அறை வாடகையும் டீச் செலவும் நடக்கின்றன. மதுவிலக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அது அபிப்பிராயம் சொல்வதில்லை. நம் நாட்டில் மதுவை எதிர்ப்பதென்றால் கொடி பிடிப்பது என்று பழகிவிட்டவர்களுக்கு இந்த மௌனம் எரிச்சலூட்டும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கட்சி பேசத் தொடங்கிய கூட்டத்தில் அடுத்த கட்சிக்காரனான குடிநோயாளி உட்காரமாட்டான் என்பதை யோசித்தால், அந்த மௌனத்தில் எவ்வளவு விவேகம் இருக்கிறது என்பது புலப்படும்.

இந்தியாவில் ஏ.ஏ. காலூன்றியது, தற்செயலாக, அமராவதி அணை கட்டி முடிந்த அதே 1957இல். அதன் பொது அலுவலகம் மும்பையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களிலும், பக்கத்திலுள்ள கோயம்புத்தூரிலும், அநேகக் குழுக்கள் தமிழிலேயே கூடுகின்றன. பள்ளிக்கூட அறையிலோ, தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ, ஆஸ்பத்திரியின் ஒரு மூலையிலோ பதினைந்து இருபது நாற்காலிகள். ஒருவர் எழுந்து சங்கத்தின் நோக்கத்தைப் படிக்கிறார். பிறகு ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். குறுக்கே பேசுவதில்லை, எதிர்க்கேள்வி இல்லை, தீர்ப்பும் இல்லை. பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்தில் பிரார்த்தனை, டீ, கலைதல். ஜாதியும் முழுப் பெயரும் உத்தியோகமும் கேட்கப்படுவதில்லை. கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பதுகூட இல்லை. வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒருநாள் இருபத்துநாலு மணி நேரம் என்பதுதான் கணக்கு. குடிக்காமல் ஓராண்டு முடித்தவருக்கு அதைப் பிறந்தநாளாகக் கொண்டாடி, மனைவி மக்களையும் வரவழைத்து, கேக் வெட்டும் வழக்கமும் உண்டு.

இனி, தேடுவது எப்படி என்பது. அமராவதி நகரில் இருப்பவருக்கு முதல் இடையூறு தூரம் அல்ல. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் எந்தப் பேருந்தில் எங்கே போகிறார் என்பது மனப்பாடமாகத் தெரிகிற ஊரில் பெயர் தெரியாமை என்பது எட்டாத ஆடம்பரம். நான் கண்டவரையில், இவர்களுக்கு உள்ளூர்க் குழுவைவிட அடுத்த ஊர்க் குழுவே முதலில் சௌகரியம். வேலைக்காக உடுமலைக்கும் பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் போய்வருவது சகஜமாகிவிட்ட பிரதேசத்தில், வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக ஒரு பயணம் யார் கண்ணையும் உறுத்தாது. பேருந்துக் கட்டணத்தை நினைத்துத் தயங்குபவர், ஒரு குவார்ட்டரின் விலையை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த ஊரில் எந்தக் கிழமை கூட்டம் என்பதை அறிய மூன்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறித்த நாட்களில் வந்துபோகிறார்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2025இல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. அங்குள்ள ஆலோசகரிடம், "பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?" என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால், மீண்ட அங்கத்தினர்கள் வார்டுகளுக்கு வந்து நோயாளிகளிடம் பேசிப்போவது நெடுநாளைய வழக்கம். இரண்டாவது தொலைபேசி. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. மூன்றாவது ஏ.ஏ.வின் சொந்த உதவி எண்கள். மும்பைப் பொது அலுவலகத்தைக் கேட்டால் அந்தந்த வட்டாரத்துக்கான எண்ணைக் கொடுப்பார்கள். அந்த எண்ணில் பதில் சொல்பவர் சம்பள குமாஸ்தா அல்ல, மீண்ட ஒரு குடிநோயாளியே. பெரும்பாலும் முதலில் கூப்பிடுவது மனைவிதான். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"ஏனுங்க, குடியை உடறதுக்கான நம்பருங்களா இது?"

"ஆமாங்க்கா, சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரருக்குத்தானுங்க. சம்பளத்தன்னைக்கு வீடு வந்து சேர்றதே இல்லீங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாங்க யாரையும் கூட்டிட்டுப் போறதில்லீங்க்கா. அவரு தெளிஞ்சிருக்கிற நேரத்துல ஒரு வார்த்தை எங்கூடப் பேசச் சொல்லுங்க. சரின்னு சொன்னா, நாங்க ரெண்டு பேரு நேர்லயே வந்து பாக்கறோம். நானும் அப்படித்தானுங்க இருந்தேன், பதினொரு வருசமாச்சு உட்டு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அந்த எண். வைத்தியரோ போதகரோ மாமனாரோ சொல்ல முடியாத வாக்கியம் அது.

2020இல் கொரோனாவின் நிமித்தம் ஊர் அடைந்துகிடந்த காலத்திலிருந்து, கைபேசி மூலமாகவே கூடும் தமிழ்க் கூட்டங்களும் பெருகியிருக்கின்றன. பேருந்து வசதியற்ற மலையடிவாரத்துக்கு இது பெரிய உபகாரம். ஆயினும் நேரில் போக முடிந்தவர் நேரிலேயே போவது நல்லது. கைபேசியில் முகத்தை மறைத்துக்கொள்ளலாம், வாய் நாற்றத்தையும் மறைத்துக்கொள்ளலாம். எந்தக் கூட்டமானாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சரிப்படவில்லை என்று விட்டுவிடக் கூடாது. குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். ஒன்றில் ஓய்வு பெற்ற ஆபீசர்கள் அதிகம், ஒன்றில் லாரி டிரைவர்கள் அதிகம். டெய்லருக்கு டெய்லரின் கதையே காதில் ஏறும். நான்கைந்து கூட்டங்களுக்குப் பிறகு, தமக்கு முன்னால் இந்த வழியில் நடந்த ஒருவரைத் துணைவராக வரித்துக்கொண்டு, குடிக்கத் தோன்றும் நேரத்தில் அவரைக் கூப்பிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஸ்பான்சர் என்று அங்கே சொல்வார்கள். ஆக்ரன் ஹோட்டலின் டெலிபோன் செய்த வேலையைத்தான் அந்த உறவு செய்கிறது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டியவையெல்லாம் ஒரே தரத்தன அல்ல. யோக்கியமானவை இருக்கின்றன, இரவில் வேன் கொண்டுவந்து ஆளைத் தூக்கிப்போய்ப் பூட்டி வைப்பவையும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றையும், மருத்துவர் யார், எந்தக் கிழமை வருகிறார் என்பதையும், குடும்பத்தார் வந்து பார்க்க அனுமதி உண்டா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். சுய உதவிக் குழு என்று சொல்லிக்கொண்டு கட்டணம் வசூலித்தால் அது ஏ.ஏ. அல்ல என்று அறிக.

தெய்வ விஷயமாக ஒரு சங்கடம் எழுவதுண்டு. ஏ.ஏ. மீட்சிக்கு வழியாக வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் தன்னைவிட மேலான ஒரு சக்தியைப் பற்றிய பேச்சு வருகிறது. பெரியார் பிறந்த கொங்கு மண்ணில் சாமி இல்லை என்பவரும் குடிநோயாளியாக இருக்கலாமே, அவர் என்ன செய்வார்? அவரவர் புரிந்துகொண்டபடியே கடவுள் என்று படிகளிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். கூடியிருக்கும் கூட்டத்தையே தம்மைவிட மேலான சக்தியாகக் கொண்டு நலமடைந்த நாஸ்திகர்களும் உண்டு. அதுவும் ஒவ்வாதவருக்கு மனநல மருத்துவரும், ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்தும், உளவியல் ஆலோசனையும் இருக்கின்றன. கூட்டத்துக்குப் போகிறவர் மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அவருடைய சொந்த அபிப்பிராயம். சங்கத்தின் விதி அல்ல.

இந்தக் கூட்டங்களால் மெய்யாகப் பிரயோஜனம் உண்டா என்று கேட்கும் வாசகருக்கு: 2020இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை உட்படுத்திய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் ஏ.ஏ.யும் அதை ஒட்டிய சிகிச்சைகளும் மற்ற முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கின்றன என்று முடிவுகட்டியிருக்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்பதல்ல இதன் பொருள். பலர் வழுக்கி விழுகிறார்கள். விழுந்தவர் மறுநாள் கூட்டத்துக்குத் திரும்பி வந்து, நேற்றுக் குடித்துவிட்டேன் என்று சொல்லலாம்; சொன்னால் கைதட்டித்தான் வரவேற்பார்கள். வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டைச் சொன்னதும் மனைவி மக்களின் நிலைமை. குடிப்பவர் ஒருவர்; நோய் குடும்பம் முழுவதற்கும். அவர் வராத இரவுகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு, கடனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, கம்பெனி சூப்பர்வைசரிடம் "காய்ச்சலுங்க" என்று பொய் சொல்லிக்கொண்டு, தன் சுபாவமே திரிந்துபோன மனைவிக்கும் ஒரு கூட்டம் வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் அமைத்த அல்-அனான் என்ற குடும்பத்தார் குழு அதற்கென்றே இருக்கிறது. புருஷன் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அவள் போகலாம். குடிக்கிற பெண்களைப் பற்றியோ நம் சமூகம் பேசவே கூசுகிறது. கூச்சத்தால் நோய் குறைவதில்லை; சிகிச்சைதான் தாமதமாகிறது. பெண்கள் கூடும் குழு எது என்று உதவி எண்ணில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு ஒரு தமிழ்நாட்டு உதாரணம் உண்டு. குடிநோய்க்குக் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றுவந்து, கணவரின் பெயரால் 1980இல் சென்னையில் ஒரு அறக்கட்டளையை நிறுவினார், டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிந்திருப்பது அதுவே. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத விவசாயக் கூலிகளின் பொருட்டு, 1980களின் இறுதியிலிருந்து, காவிரிக் கரை ஜில்லாவிலுள்ள மஞ்சக்குடியில் அந்த மருத்துவமனை பதினைந்து நாள் முகாம்களை நடத்தத் தொடங்கியது. இடத்துக்கும் ஆதரவுக்கும் ஊராரே பொறுப்பேற்றார்கள். மனைவிமார்களுக்கும் தனியாக ஆலோசனை நடந்தது. முகாம் முடிந்த பின்னும் மருத்துவமனையார் மறுபடி மறுபடி அதே கிராமத்துக்கு வந்து விசாரித்தார்கள். ஆக, மஞ்சக்குடியில் இவர்களுடைய நோய் ரகசியமாக இருக்கவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது, அதே ஊர் துணைக்கும் நின்றது. சிற்றூருக்குப் பெயர் மறைப்பது ஒரு வழியென்றால், இது மற்றொரு வழி. அமராவதி நகர் போன்ற இடத்துக்கு எது பொருந்தும் என்பதை அங்கே குடியை விட்ட முதல் இரண்டு மூன்று பேர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு மூன்று பேர் என்று நான் கணக்காகவே சொல்கிறேன். குடிநோயாளிகள் இருவரோ மூவரோ குடியை விடும் நோக்கத்தோடு கூடினால் அதையே ஒரு குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏ.ஏ.யின் மரபு, வேறெந்தச் சங்கத்தோடும் இணைந்திராமல் இருப்பதுதான் நிபந்தனை. யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பழைய குழு ஒன்றுக்குச் சில மாதங்கள் போய்வந்து முறையைத் தெரிந்துகொண்டு, மும்பை அலுவலகத்திலிருந்து தமிழ்ப் புத்தகங்களை வரவழைத்து, உடுமலையில் ஒரு அறையைப் பேசி, கூட்ட நாளை ஆஸ்பத்திரி ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். முதல் மாதங்களில் எதிர் நாற்காலி காலியாகவே இருக்கும். சொன்ன நேரத்துக்கு அறையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பதே அப்போதைய வேலை.

நாள் குறிப்பதில் மட்டும் ஒரு யோசனை. ஞாயிறு காலை எல்லோருக்கும் ஓய்வு, அதுவே வசதி என்று தோன்றும். ஆனால் உடுமலைப் பக்கத்து ஆலைத் தொழிலாளிக்கு ஆபத்தான வேளை அதற்கு முந்தின இரவு. எட்டரைக்கு ஷிப்டு விட்டுச் சம்பளக் கவர் சட்டைப் பையில் ஏறுகிறது. டாஸ்மாக் கடை இரவு பத்து வரை திறந்திருக்கிறது. ஆகவே கூட்டம் சனிக்கிழமை எட்டே முக்காலுக்குத் தொடங்கிப் பத்து மணி வரையில் நடக்கட்டும். டீயோடு இரண்டு இட்லியும் இருக்கட்டும், பசித்தவனுக்குக் குடிக்கும் ஆசை அதிகம். அமராவதி நகர்ப் பேருந்தைத் தவறவிட்டவரை வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் வீடு வரையில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும்; அந்தப் பெட்ரோல் செலவையும் பைப் பணத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.